குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் பின்னால் ஒரு சட்டசபை மனிதர்



கோடை விடுமுறை முடிந்து எல்லோரும் வீடு திரும்பிவிட்டீர்கள். நம் குடியிருப்பில் பாதிப் பேர் இந்த ஆண்டும் கொடைக்கானலுக்குத்தான் போயிருந்தீர்கள் என்பதை வாட்ஸ்அப் குழுவில் வந்து குவிந்த படங்களே சொல்லிவிட்டன. ஏரியில் படகு, கோக்கர்ஸ் வாக், தூண் பாறை, கை நிறையப் பேரிக்காய்! அவற்றோடு குறிஞ்சி ஆண்டவர் கோயில் படங்களும் நிறைய வந்தன. வானம் தெளிவாக இருந்த நாளில் போனவர்களுக்கு அங்கிருந்து கீழே பழனி மலையும் தெரிந்திருக்கும்.

அந்தக் கோயிலை 1936-ல் கட்டியவர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி என்று வழிகாட்டிகள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இலங்கையிலிருந்து வந்தவர், சைவத்தைத் தழுவியவர், லீலாவதி என்று பெயர் வைத்துக்கொண்டவர் என்பதோடு பெரும்பாலும் கதை முடிந்துவிடும். அவருடைய கணவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. அவர் சர் பொன்னம்பலம் இராமநாதன். இலங்கைச் சட்டசபையில் பெரிய ஆளாக விளங்கிய தமிழர்.

இந்த இதழில் அவரைப் பற்றி எழுத இன்னொரு காரணமும் உண்டு. ஓட்டு யாருக்கு இருக்கலாம், யாருக்கு வேண்டாம் என்ற பேச்சு இப்போது நம் சங்கத்திலும் நடக்கிறது. அதே கேள்வியில்தான் இராமநாதனின் கடைசிக் காலமும் கழிந்தது.

சென்னையில் படித்த பிள்ளை

இராமநாதன் 1851 ஏப்ரல் 16-ம் தேதி கொழும்பில் பிறந்தார். அப்பா பொன்னம்பல முதலியார் செல்வாக்கும் செல்வமும் உள்ளவர். தாய்மாமன் சர் முத்துக் குமாரசுவாமி சட்டசபை உறுப்பினர். கலை வரலாற்றில் உலகப் புகழ் பெற்ற ஆனந்த குமாரசுவாமி இந்த மாமாவின் மகன்தான். இராமநாதனின் தம்பி பொன்னம்பலம் அருணாசலமும் சாதாரண ஆள் இல்லை. போட்டித் தேர்வு எழுதி இலங்கை சிவில் சர்வீசில் சேர்ந்த முதல் இலங்கையர் அவர்.

இராமநாதன் கொழும்பில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுக் கல்லூரிக்கு வந்தது நம் சென்னைக்கு. கடற்கரைச் சாலையில் நீங்கள் கடந்து போகும் மாநிலக் கல்லூரியில்தான் படித்தார். பிறகு ஊர் திரும்பிச் சட்டம் பயின்று வழக்கறிஞரானார். தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடும் வேலையிலும் அவருக்குப் பெயர் கிடைத்தது.

1879-ல் தாய்மாமன் காலமானார். சட்டசபையில் தமிழர்களுக்கென்று இருந்த ஒரே இடம் காலியானது. அப்போது தேர்தல் கிடையாது, ஆளுநர் பார்த்து நியமிப்பதுதான். அந்த இடம் 28 வயது இராமநாதனுக்குக் கிடைத்தது. மாமா இருந்த நாற்காலியில் மருமகன் உட்கார்ந்தார் என்று சொன்னால் தப்பில்லை. பெரிய குடும்பத்துப் பிள்ளைக்குப் பதவி தானாக வரும், பதவிக்கு வந்தவன் மற்றவர்களைக் காப்பாற்றுவான் என்பதுதான் அவர் வளர்ந்த உலகம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருவதைப் புரிந்துகொள்ள இது உதவும்.

பதவியை அவர் சும்மா வைத்திருக்கவில்லை. மணிக்கணக்கில் பேசுவார், அதுவும் ஆதாரங்களோடு பேசுவார். தமிழர்களுக்கான உறுப்பினர் என்று அவர் ஒதுங்கிக்கொள்ளவும் இல்லை. பௌத்தர்களின் வெசாக் பௌர்ணமி 1885-ல் அரசு விடுமுறை ஆனதில் அவருக்கும் பங்கு உண்டு. சைவத் தமிழர் ஒருவர் பௌத்தர்களின் திருநாளுக்காகப் பேசினார் என்பதைச் சிங்கள மக்கள் மறக்கவில்லை.

அரசு வேலை, அமெரிக்கா, லீலாவதி

1892-ல் அவர் சட்டசபையை விட்டு சொலிசிட்டர் ஜெனரல் பொறுப்புக்குப் போனார். 1906 வரை, ஏறத்தாழ 14 ஆண்டுகள் அந்தப் பணி. அந்தக் காலத்தில் ஒரு இலங்கையருக்கு அது மிகப் பெரிய பதவி.

இந்த ஆண்டுகளில் அவருக்கு இன்னொரு முகமும் வளர்ந்தது. தஞ்சாவூர் அருள்பரானந்த சுவாமிகளைக் குருவாக ஏற்றுக்கொண்டு சைவத்திலும் யோகத்திலும் ஆழ்ந்து போனார். பைபிளில் மத்தேயு, யோவான் சுவிசேஷங்களுக்கு ஒரு சைவரின் பார்வையில் ஆங்கிலத்தில் உரை எழுதினார். 1905, 1906-ம் ஆண்டுகளில் அமெரிக்கா போய்ப் பல ஊர்களில் சொற்பொழிவு ஆற்றினார். அந்தப் பயணத்தில் அவருக்குச் செயலாளராக இருந்தவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஹாரிசன் என்ற பெண்மணி. பிறகு அவர் சைவத்தைத் தழுவி, லீலாவதி ஆகி, இராமநாதனை மணந்துகொண்டார். நம் கொடைக்கானல் கோயிலைக் கட்டிய லீலாவதி இவர்தான்.

ஓய்வு பெற்ற கையோடு இராமநாதன் கோயில் வேலையில் இறங்கினார். கொழும்பு கொச்சிக்கடையில் அப்பா கட்டிய பொன்னம்பலவாணேசுவரர் கோயிலை முழுக்கக் கருங்கல்லில் திரும்பக் கட்டினார். கொழும்புக்குப் போனால் பாருங்கள், தமிழ்நாட்டுப் பழங்கோயில் ஒன்றுக்குள் நுழைந்த மாதிரியே இருக்கும்.

3,000 ஓட்டர்களின் தேர்தல்

1911-ல் இலங்கைச் சட்டசபைக்கு முதன்முதலாகத் தேர்தல் வந்தது. படித்த இலங்கையர் என்ற பெயரில் நாடு முழுவதற்கும் சேர்த்து ஒரே ஒரு இடம். ஓட்டுப் போடும் தகுதி பெற்றவர்கள் சுமார் 3,000 பேர். அன்றைய இலங்கையின் மக்கள்தொகை சுமார் 41 லட்சம். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆயிரத்துக்கு ஒருவருக்குக்கூட ஓட்டு இல்லை.

அந்தத் தேர்தலில் 60 வயது இராமநாதன் நின்றார். எதிர்த்து நின்றவர் சர் மார்க்கஸ் பெர்னாண்டோ என்ற புகழ் பெற்ற சிங்கள மருத்துவர். ஓட்டர்களில் சிங்களவர்களே அதிகம். ஆனாலும் ஜெயித்தவர் இராமநாதன். இனம் பார்க்காமல் ஓட்டுப் போட்டார்கள் என்று இதைக் கொண்டாடுபவர்கள் உண்டு. சிங்களவர்களுக்குள் இருந்த சாதிப் போட்டி தமிழருக்கு லாபமாக முடிந்தது என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டிலும் உண்மை இருக்கிறது.

1915: போர்க்காலத்தில் ஒரு கடல் பயணம்

இராமநாதன் வாழ்க்கையின் உச்சம் 1915. அந்த ஆண்டு மே மாதக் கடைசியில் கண்டியில் பௌத்த ஊர்வலம் ஒன்று பள்ளிவாசலைக் கடந்து போனபோது தகராறு மூண்டது. அது சிங்களவர், முஸ்லிம்கள் இடையே கலவரமாகிப் பல மாவட்டங்களுக்குப் பரவியது. முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஐரோப்பாவில் முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். பிரிட்டிஷ் அரசு இதை ஆட்சிக்கு எதிரான சதி என்று நினைத்துப் பயந்தது. ராணுவச் சட்டம் வந்தது. விசாரணை இல்லாமல் மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஹென்றி பேதிரிஸ் என்ற இளைஞர் ராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி சுட்டுக் கொல்லப்பட்டார். மதுவிலக்கு இயக்கத்தில் இருந்த சிங்களத் தலைவர்கள் பலரைச் சிறையில் போட்டார்கள். பின்னால் சுதந்திர இலங்கையின் முதல் பிரதமரான டி.எஸ். சேனநாயக்கவும் அவர்களில் ஒருவர்.

ஊரே வாயை மூடிக்கொண்டிருந்தபோது சட்டசபையில் எழுந்து பேசியவர் இராமநாதன். அரசு செய்தது சட்டத்துக்கு விரோதம் என்று ஒவ்வொரு சம்பவமாக எடுத்து வைத்தார். பேசியதோடு நிற்கவில்லை, இங்கிலாந்துக்கே கப்பல் ஏறினார். வயது 64. கடல் முழுக்க ஜெர்மன் நீர்மூழ்கிகள். லண்டனில் அமைச்சர்களைப் பார்த்து முறையிட்டார், இந்தக் கொடுமைகளைப் பற்றிப் புத்தகமும் வெளியிட்டார். ஆளுநர் சால்மர்ஸ் திருப்பி அழைக்கப்பட்டார். அடைபட்டவர்களுக்கும் நிவாரணம் கிடைத்தது.

அவர் கொழும்புக்குத் திரும்பிய நாளில், அவருடைய வண்டிக் குதிரைகளை அவிழ்த்துவிட்டுச் சிங்களவர்களே வண்டியை இழுத்துக்கொண்டு போனார்கள். தமிழர் ஒருவருக்குச் சிங்கள மக்கள் கொடுத்த அப்படியொரு மரியாதை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

முஸ்லிம்கள் பக்கம் வேறு மாதிரி இருந்தது. அடி வாங்கியது நாங்கள், அவர் பேசியது மற்றவர்களுக்காக என்ற வருத்தம் அவர்களிடம் நெடுநாள் இருந்தது. இதற்கு முன்பே, இலங்கை முஸ்லிம்களும் இனத்தால் தமிழர்களே என்று அவர் எழுதியதும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. ஒரே செயலை இரண்டு வீட்டுக்காரர்கள் இரண்டு விதமாகப் பார்ப்பது அபார்ட்மெண்டில் வாழும் நமக்குப் புதிதா என்ன?

கட்டிய கல்லூரிகள்

அவர் செய்தவற்றில் இன்றும் நிற்பவை கல்லூரிகள். 1913-ல் யாழ்ப்பாணம் மருதனார்மடத்தில் சைவப் பெண் பிள்ளைகளுக்காக இராமநாதன் கல்லூரியைத் தொடங்கினார். பெண்களை விடுதியில் சேர்த்துப் படிக்க வைப்பது அன்றைக்குப் பெரிய காரியம். லீலாவதி அம்மையார் அந்தப் பணியில் அவரோடு முழுமூச்சாக நின்றார். அடுத்து ஆண்களுக்காகப் பரமேசுவராக் கல்லூரி. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருந்த அந்தக் கல்லூரி வளாகத்தில்தான் 1974-ல் இன்றைய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் உருவானது. 1921-ல் பிரிட்டிஷ் அரசு அவருக்கு சர் பட்டம் கொடுத்தது.

ஓட்டு யாருக்கு?

இதுவரை படித்ததில் உங்களுக்கு அவரைப் பிடித்திருக்கும். எனக்கும் அப்படித்தான். சங்கடம் இனிமேல்தான்.

1919-ல் இலங்கைத் தேசிய காங்கிரஸ் உருவானபோது முதல் தலைவராக இருந்தவர் தம்பி அருணாசலம். கொழும்புப் பக்கத்தில் தமிழர்களுக்கு ஒரு இடம் தருவதாகக் கொடுத்த வாக்குறுதியைச் சிங்களத் தலைவர்கள் காப்பாற்றவில்லை. அவர் மனம் கசந்து வெளியேறினார். 1924 ஜனவரியில் யாத்திரை வந்த இடத்தில், மதுரையில் காலமானார். அந்த ஆண்டுத் தேர்தலில் இராமநாதன் வட மாகாணத்தின் உறுப்பினராகச் சட்டசபைக்கு வந்தார். சிங்களத் தலைவர்கள் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை போய்விட்டிருந்தது.

1927 நவம்பரில் டொனமூர் பிரபு தலைமையில் ஒரு குழு லண்டனிலிருந்து இலங்கைக்கு வந்தது. அப்போது நாட்டு மக்களில் நூற்றுக்கு 4 பேருக்குத்தான் ஓட்டு இருந்தது. குழு இரண்டு பெரிய மாற்றங்களைச் சொன்னது. ஒன்று, இன வாரியாக ஒதுக்கிய இடங்களை எடுத்துவிடுவது. இன்னொன்று, வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு, பெண்களுக்கும் சேர்த்து.

இராமநாதன் இரண்டையும் எதிர்த்தார். முதலாவதை எதிர்த்ததில் நியாயம் இருந்தது. இடஒதுக்கீடும் போய், தலை எண்ணிக்கை மட்டுமே கணக்கு என்று ஆனால், எண்ணிக்கையில் குறைந்த தமிழர்கள் நிரந்தரமாகத் தோற்றுக்கொண்டே இருப்பார்கள் என்று அவர் பயந்தார். இரண்டாவதை அவர் எதிர்த்த காரணம் வேறு. படிக்காதவர்களுக்கும், சாதியின் பெயரால் கீழே வைக்கப்பட்டவர்களுக்கும், பெண்களுக்கும் ஓட்டுக் கொடுப்பது சைவ வாழ்க்கை முறைக்கே ஒத்துவராது என்பது அவர் கட்சி. பெண்களுக்குக் கல்லூரி கட்டியவர், அந்தக் கல்லூரியில் படித்து வெளியே வரும் பெண் ஓட்டுப் போடக் கூடாது என்றார்!

இங்கேதான் அந்த 28 வயதுப் பிள்ளையை நினைத்துப் பார்க்கச் சொன்னேன். மேலே இருப்பவன் கீழே இருப்பவனைக் காப்பாற்றுவான் என்ற நம்பிக்கையில்தான் அவர் 1915-ல் உயிரைப் பணயம் வைத்துக் கப்பல் ஏறினார். அதே நம்பிக்கையில்தான் கீழே இருப்பவனுக்கு ஓட்டு எதற்கு என்றும் கேட்டார். நாங்கள் காப்பாற்றும்போது உனக்கு ஏன் தனியாக ஒரு குரல் என்பது அவருடைய எண்ணம். அவருடைய பெருந்தன்மையும் பிடிவாதமும் ஒரே இடத்திலிருந்து வந்தவை.

1929 டிசம்பரில் டொனமூர் திட்டம் சட்டசபையில் ஓட்டெடுப்புக்கு வந்தது. 19-க்கு 17 என்று, இரண்டே ஓட்டு வித்தியாசத்தில் அது நிறைவேறியது. இராமநாதன் விடவில்லை. வயது 79 ஆகப்போகிற நேரத்தில், 1930-ல் மறுபடியும் லண்டனுக்குப் போய் மனுக் கொடுத்தார். இந்த முறை யாரும் அசையவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் அவர் காலமானார்.

அதன் பிறகு

1931-ல் இலங்கையில் 21 வயது நிரம்பிய ஆண், பெண் அனைவரும் ஓட்டுப் போட்டார்கள். ஆசியாவில் அதுவே முதல் முறை. யாழ்ப்பாணத்து இளைஞர்கள் அந்தத் தேர்தலைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். அவர்கள் இராமநாதன் வழியில் வந்தவர்கள் இல்லை. முழு சுயராஜ்யம் கொடுக்கவில்லையே என்பதுதான் அவர்கள் கோபம். அடுத்த ஆண்டே நேசம் சரவணமுத்து என்ற தமிழ்ப் பெண்மணி கொழும்பு வடக்கில் ஜெயித்துச் சபைக்குப் போனார். சைவ வாழ்க்கை ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

ஆனால் அவருடைய இன்னொரு பயம் பலித்தது. 1948-ல் இலங்கை சுதந்திரம் அடைந்ததும், தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரின் குடியுரிமையைப் புதிய சட்டம் ஒன்று பறித்தது. அடுத்த ஆண்டு ஓட்டும் போனது. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த அரசின் பிரதமர் டி.எஸ். சேனநாயக்க. 1915-ல் யாருக்காக இராமநாதன் கப்பல் ஏறினாரோ, அவர்களில் ஒருவர். 1956-ல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்ற சட்டமும் வந்தது.

ஓட்டு இழந்த அந்த மக்கள் கதை என்ன ஆனது? 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானது. ஆடு மாடு மாதிரி எங்களைப் பங்கு போடுகிறீர்களே என்று கேட்க, அவர்களே ஓட்டுப் போட்டு அனுப்பிய குரல் சபையில் இல்லை. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக வந்தவர்களில் பலர் நீலகிரியில் குடியேறினார்கள். சிலர் இதே பழனி மலைக்கும் வந்தார்கள். கொடைக்கானல் காடுகளில் மரம் வெட்டும் கூலிகளாக வேலை பார்த்தார்கள். கொத்தடிமைகளாகச் சிக்கிக்கொண்டவர்களும் உண்டு.

அடுத்த முறை கொடைக்கானலுக்குப் போகும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே மலையில் இலங்கையிலிருந்து வந்த இரண்டு அடையாளங்கள் இருக்கின்றன. ஒன்று, பெரிய வீட்டு அம்மையார் கட்டிய அழகான கோயில். இன்னொன்று, ஓட்டுப் பறிபோனதால் நாடே பறிபோனவர்களின் குடிசைகள். எண்ணிக்கையில் பெரியவர்கள் சிறியவர்களை நசுக்கலாம் என்று இராமநாதன் பயந்தது சரி. அதற்கு மருந்து ஓட்டைச் சிலர் கையில் வைத்துக்கொள்வது என்று அவர் நினைத்தது தப்பு. கையில் ஓட்டு இல்லாதவனைக் காப்பாற்ற எந்தப் பெரிய மனிதரும் எப்போதும் உயிரோடு இருக்கப்போவதில்லை. 1948-ல் இராமநாதன் இல்லையே!

இப்போது நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்கும் சங்கத்தில் ஓட்டு வேண்டுமா என்பது அடுத்த பொதுக்குழுவில் பேச வேண்டிய விஷயங்களில் ஒன்று. சொந்த வீட்டுக்காரர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கட்டடம் பழுதானால் செலவு அவர்கள் தலையில்தான் விழும். வாடகைக்காரர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தண்ணீர் லாரி வராத நாளில் குடத்தோடு நிற்பது அவர்கள்தான். எப்படி ஓட்டுப் போடுங்கள் என்று இந்த இதழில் சொல்வது முறையாகாது. இது நாட்டின் தலையெழுத்தை மாற்றுகிற விஷயமும் இல்லை. ஆனால் அவர்களுக்காக நாங்களே பார்த்துக்கொள்கிறோமே என்று யாராவது எழுந்து சொன்னால், உங்களுக்கு ஒரு நிமிடம் இராமநாதன் நினைவுக்கு வரட்டும். அவரும் நல்ல எண்ணத்தோடுதான் அப்படி நினைத்தார்.

பொதுக்குழுவுக்கு மறக்காமல் வாருங்கள். கொடைக்கானல் படங்களில் நல்லவற்றைச் சங்க அலுவலகத்துக்கு அனுப்பி வையுங்கள், அடுத்த இதழில் போடுவோம்.